தவம் கலைந்தால் சிலை: சங்கேதக் குறுக்கெழுத்துக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

தவம் கலைந்தால் கொலை (3).

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வரும் குறுக்கெழுத்தை மட்டும் போட்டுப் பழகியவரிடம் இந்தக் குறிப்பைக் கொடுத்தால், விசுவாமித்திரரில் தொடங்கிப் புராணம் முழுக்கத் துழாவுவார். புராணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'தவம்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடுங்கள். வதம் வரும். வதம் என்றால் கொலை. ஆட்டம் முடிந்தது.

கிரிப்டிக் குறிப்பு என்பது இவ்வளவுதான். ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மறுமுனையில் அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு, நடுவில் வேறு ஏதோ கதை நடப்பதுபோல் நம்மை ஏமாற்றும். இந்தக் கட்டுரை அதற்கும் ஒரு மாடி மேலே போகிறது: குறிப்பிலேயே பிழை வைத்திருக்கும் புதிர்கள், விடையைக் கட்டத்தில் அப்படியே எழுதவிடாமல் சங்கேதமாக மாற்றி எழுதச் சொல்லும் புதிர்கள். நான் முதன்முதலில் அப்படி ஒன்றைப் போட உட்கார்ந்தபோது, மேலே இருந்த நான்கு வரி முன்குறிப்பைப் படிக்காமல் பேனாவில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாலைகள் வீண். குறுக்கு விடைகள் சரி, நெடுக்கு விடைகளும் சரி, ஆனால் ஒன்றுக்கொன்று எங்கேயும் பொருந்தவில்லை. பொருந்தாமல் இருப்பதுதான் அந்தப் புதிரே என்று தெரியவந்தபோது தாள் கிழிந்திருந்தது.

ஆகவே முதல் பாடம் பென்சில். இரண்டாவது, அழிரப்பர். மூன்றாவது, கட்டம் போட்ட நோட்டு. மற்றவை கீழே.

அடிப்படை, வேகமாக

மேல்மாடிக்குப் போகுமுன் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம். எல்லாம் நானே கட்டிய குறிப்புகள்.

"மாமா லைட் போட, உள்ளே தெரிகிறது பொழுது (2)." இது ஒளிந்திருக்கும் வகை. முதல் மூன்று சொற்களை இடைவெளி இல்லாமல் எழுதிப் பாருங்கள். மா'மாலை'ட்போட. 'உள்ளே தெரிகிறது' என்பது கைகாட்டி.

"தலையிழந்த குதிரை கடலில் எழும் (2)." குதிரையின் முதல் எழுத்தை வெட்டினால் திரை.

"திரும்பி வந்த மாலா திபெத்துத் துறவி (2)." மாலாவைத் திருப்பினால் லாமா.

"எழுதும் இடம் நிறையக் கரம் (3)." நிறைய என்றால் பல, கரம் என்றால் கை. பலகை. இதில் 'நிறையக்' என்ற சொல்லின் கடைசி க் வெறும் சந்தி. சந்தி எழுத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் கிரிப்டிக் போட வரும் புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

"கதைக்குள் விதி தலைகாட்டினால் பாட்டு (3)." விதியின் தலை 'வி'. அது 'கதை'க்குள் நுழைந்தால் கவிதை.

இதில் எண்ணிக்கை முறையும், அதாவது அடைப்புக்குறியில் உள்ள எழுத்துக் கணக்கும், முக்கியம். க ஓர் எழுத்து, கா ஓர் எழுத்து, க் ஓர் எழுத்து. உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது. 'கவலை'யைக் கலைத்தால் 'கலவை' வந்துவிடும் என்று தோன்றும். வராது. கவலையில் இருப்பவை க, வ, லை. கலவையில் இருப்பவை க, ல, வை. ஐகாரம் இடம் மாறிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு சரக்கு. 'நகரம்' கலைந்தால் 'நரகம்' வரும். அது சுத்தமான கலைப்பு.

இந்த மாடி எங்கே கட்டப்பட்டது

கடினமான கிரிப்டிக் புதிர்களின் ஊர் இங்கிலாந்து. 1926-லிருந்து 'அப்சர்வர்' பத்திரிகையில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் என்பவர் 'டார்க்கமாடா' என்ற பெயரில் புதிர் போட்டார். டார்க்கமாடா ஸ்பெயினில் மத விசாரணை நடத்திச் சித்திரவதைக்குப் பேர்போனவர். 1939-ல் மேதர்ஸ் இறந்தபின் வந்தவரும் இன்னொரு மத விசாரணையாளரின் பெயரை எடுத்துக்கொண்டார்: சிமனீஸ். 1972-ல் அவருக்கு அடுத்து வந்தவரின் பெயர் அசெட். தேசா என்ற விசாரணையாளரின் பெயரைத் திருப்பிப் போட்டது. வாசகரை வதைப்பதைத் தங்கள் தொழிலாகவே அறிவித்துக்கொண்ட பரம்பரை. இன்னொரு பக்கம், பிபிசி நடத்திய 'தி லிஸனர்' வார இதழில் 1930-ல் தொடங்கிய புதிர், இதழ் 1991-ல் நின்றதும் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் குடிபெயர்ந்தது. சங்கேதம், பிழைக்குறிப்பு, முடிந்தபின் கட்டத்துக்குள் மறைந்திருக்கும் செய்தி எல்லாம் இந்த இரண்டு இடங்களிலும் ஊறி வளர்ந்தவை. அந்தப் புதிர்களில் கறுப்புக் கட்டம் கிடையாது. ஒரு சொல் முடியும் இடத்தில் கட்டத்தின் ஓரத்தில் தடித்த கோடு இருக்கும்.

உளவுத்துறைக்கும் இந்த விளையாட்டுக்கும் இருந்த உறவு வெறும் கதை இல்லை. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' தன் புதிரை 12 நிமிடத்தில் போட முடியுமா என்று ஒரு போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு கடிதம் வந்தது. போய்ச் சேர்ந்த இடம் பிளெட்ச்லி பார்க், ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்த கூடாரம்.

நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. தண்டியலங்காரம் சொல்லணியில் அடுக்கும் சித்திரகவிகளில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க வேறு வேறு பொருள் வரவேண்டும். தலையிழந்த குதிரை அதன் பேரப்பிள்ளை. கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும்.

முன்குறிப்பை மூன்று முறை படியுங்கள்

புதிரின் தலையில் இப்படி ஏதாவது இருக்கும்: "குறுக்கு விடைகள் அப்படியே நுழையும். நெடுக்கு விடைகள் ஒரே முறைப்படி மாறி நுழையும். அடைப்புக்குறி எண் கட்டங்களின் எண்ணிக்கை." இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கூலி கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்த விடைகள் மாறுகின்றன? எல்லாமா, சிலவா? அடைப்புக்குறியில் உள்ளது விடையின் நீளமா, கட்டங்களின் எண்ணிக்கையா? குறிப்பில் பிழை இருக்கிறதா? இருந்தால் நேர்ப்பொருளிலா, எழுத்து விளையாட்டிலா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் முதல் குறிப்பைத் தொட வேண்டும். முதல் வாசிப்பில் முன்குறிப்பு பாதிதான் புரியும். போகப்போக மீதி திறக்கும்.

பிழையோடு அச்சான குறிப்பு

இப்போது தலைப்புக்கு வருவோம்: "தவம் கலைந்தால் சிலை (3)."

அகலிகை நினைவுக்கு வருகிறாளா? அதுதான் வலை. முன்குறிப்பு "ஒவ்வொரு குறிப்பின் நேர்ப்பொருளிலும் ஓர் எழுத்து தவறாக அச்சாகியிருக்கிறது" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எழுத்து விளையாட்டுப் பகுதி சுத்தமாக இருக்கிறது, அதை நம்பலாம். கலைந்த தவம், வதம். வதத்துக்கும் சிலைக்கும் என்ன உறவு? ஓர் எழுத்தை மாற்றினால் கொலை. அச்சானது 'சி', இருந்திருக்க வேண்டியது 'கொ'. அந்தக் 'கொ'வைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறிப்புகளிலிருந்தும் சரியான எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு செய்தி வரும். கொ, ம், பு என்று வந்தால், முடிந்த கட்டத்தில் கொம்பு வைத்த எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார் என்று பொருள்.

இந்த வகையில் வேலை செய்யும் முறை தலைகீழ். வழக்கமாக நாம் பொருளிலிருந்து விடையை ஊகித்து, விளையாட்டை வைத்துச் சரிபார்ப்போம். இங்கே பொருள் பொய். ஆகவே விளையாட்டிலிருந்து தொடங்கவேண்டும்.

எழுத்து மறைவு

"காற்றில் பறக்கும் சினிமா (3 கட்டம்)."

விதி: விடையிலிருந்து ஓர் எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நீக்கப்பட்டுக் கட்டத்தில் நுழையும். நேர்ப்பொருள் முழு விடையைச் சொல்லும், எழுத்து விளையாட்டு கட்டத்தில் நுழையும் குறை வடிவத்தைச் சொல்லும். காற்றில் பறப்பது பட்டம். சினிமா, படம். கட்டத்தில் எழுதுவது 'படம்'. மறைந்தது 'ட்'. அதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

புள்ளி எழுத்து தனிக்கட்டம் பிடிப்பதால் தமிழில் இந்த வகை மிக இயல்பாக அமைகிறது. ஒற்றைத் தூக்கினால் வேறு சொல் பிறந்துவிடுகிறது. பிற மொழிக்காரர்கள் பொறாமைப்படலாம்.

அச்சுக்கூடப் பேய்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சி கண்டுபிடித்த வகை. அச்சுக்கூடத்தில் ஒரு குட்டிப்பேய் புகுந்து, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து விடையைப் பிய்த்துத் தின்றுவிடுகிறது. தின்றதை மறைக்க, மிச்ச எழுத்துகளை நெருக்கி, இடைவெளிகளை மாற்றி வைக்கிறது. நேர்ப்பொருள் கிடையாது, விளையாட்டும் கிடையாது. வாக்கியம் மட்டும்தான்.

"பொது வாயில் மாட்டிய மீனைத்தான் விற்பார்கள் (3)."

பொது வாயிலில் ஏன் மீனை மாட்டினார்கள்? இந்த உறுத்தல்தான் துப்பு. வாக்கியத்தில் எந்த இடம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதோ அங்கேதான் பேய் வாய் வைத்திருக்கும். மீன், மாட்டுவது, விற்பது என்றால் இயல்பாக எதில் மாட்டும்? வலையில். 'யில்' ஏற்கெனவே அங்கே இருக்கிறது. 'வலை' போயிருக்கிறது. இப்போது 'பொது வா … வலையில்'. நடுவில் இன்னும் ஓர் எழுத்து: 'பொதுவாக'. முழு வாக்கியம்: பொதுவாக வலையில் மாட்டிய மீனைத்தான் விற்பார்கள். பேய் தின்றது 'க', 'வலை'. விடை கவலை.

செய்முறையாகச் சொன்னால், வாக்கியத்தை இடைவெளி இல்லாமல் ஒரே சரமாக எழுதுங்கள். பேனா முனையை எழுத்துகளுக்கு நடுவே ஒவ்வோர் இடமாக வைத்து, இங்கே கிழிந்திருந்தால் இடப்பக்கம் எப்படி முடிந்திருக்கும், வலப்பக்கம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று கேளுங்கள். கிழிசல் பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவில்தான் இருக்கும், இடைவெளியில் இருக்காது.

எட்டேகால்

சங்கேதத்துக்கு வருமுன் ஒரு சின்னப் படி. ஔவை பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசை வருகிறது. தமிழ் எண்ணில் எட்டு என்றால் அ, கால் என்றால் வ. அவலட்சணமே. 'எமனேறும் பரியே' என்று தொடர்கிறது, அது எருமை. இதைவிட நல்ல கிரிப்டிக் குறிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை, திட்டு வாங்கியவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை.

ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, நான்குக்கு ச, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய. இவ்வளவு மனத்தில் இருந்தால் போதும். "எட்டுக் கல் தாண்டினால் விளக்கு (3)" என்றால் அ, கல், அகல்.

முதல் சங்கேதம்: இனம் மாற்றி

இனி விடையே உருமாறும் புதிர். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, சாவியை முதலிலேயே ஊகிக்க முயல்வது. சாவி தானாக வரும். செய்ய வேண்டியது, விடைகளைத் தாளின் ஓரத்தில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, கட்டத்தில் மாறாத விடைகளை மட்டும் நிரப்புவது.

குறுக்கு விடைகள் அப்படியே, நெடுக்கு விடைகள் மாறி நுழைகின்றன என்று வைத்துக்கொள்வோம். நெடுக்கில் இரண்டு குறிப்புகள் தீர்ந்தன. ஒன்று தலையிழந்த குதிரை, திரை. இன்னொன்று "பசுவின் தலையும் யானையின் வாலும் சேர்ந்தது நுங்கு தரும் (2)". ப, னை, பனை. கட்டத்தில் போடாமல் ஓரத்தில் எழுதிவிட்டோம். இப்போது குறுக்கில் 'நிலவு' தீர்ந்தது. அதன் 'நி' விழும் இடம், 'திரை'யின் முதல் கட்டம். 'அறை' தீர்ந்தது. அதன் 'றை' விழும் இடம், 'பனை'யின் இரண்டாம் கட்டம்.

மோதல் இரண்டு கிடைத்துவிட்டது. தி இருக்க வேண்டிய இடத்தில் நி. னை இருக்க வேண்டிய இடத்தில் றை. இகரமும் ஐகாரமும் அசையவில்லை, ஆகவே உயிர் மாறுவதில்லை. மெய்தான் மாறுகிறது. த போய் ந, ன போய் ற. ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் ஒப்பிக்க வைத்தாரே, இன எழுத்து: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. அதுதான் சாவி. வல்லினம் மெல்லினமாகும், மெல்லினம் வல்லினமாகும், இடையினம் சும்மா இருக்கும். திரை, நிரை ஆகிறது. பனை, மறை ஆகிறது. மற்ற நெடுக்கு விடைகளை இனி நேராக எழுதலாம்.

எல்லாச் சொல்லும் இவ்வளவு அழகாக மாறாது. நகரத்தை மாற்றினால் 'தஙரப்' என்று வரும். புதியவர் இதைப் பார்த்ததும் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று அழிக்கத் தொடங்குவார். அழிக்காதீர்கள். 'தஙரப்' ஒரு புதையல். எப்படி என்று சொல்கிறேன்.

நன்னூல் என்னும் கள்ளச்சாவி

பள்ளியில் நாம் வெறுத்துப் படித்த எழுத்திலக்கணம் முழுக்கச் சங்கேதம் உடைப்பவர் கையேடு என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் சங்கேதத்தை உடைப்பவர்கள் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாம் அவ்வளவு பாடுபட வேண்டாம். எந்த எழுத்து எங்கே வர முடியாது என்பதைப் பவணந்தி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆறும் கடைசியில் நிற்காது. கட்டத்தில் ஒரு சொல் 'ப்' என்று முடிந்தால், அந்த இடத்தில் சங்கேதம் இருக்கிறது என்று சத்தியம் செய்யலாம். 'தஙரப்' நமக்குச் சொல்வது அதைத்தான். கடைசி எழுத்து உண்மையில் ம், ன், ல், ர், ள், ண், ய், ழ் ஆகியவற்றில் ஒன்று. 18 வாய்ப்பு எட்டாகச் சுருங்கிவிட்டது. அதிலும் முதலில் ம், ன் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

சொல்லின் முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் வராது. ங-வும் நடைமுறையில் வராது. க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே எழுத்துதான் வரும்: பக்கம், பச்சை, பத்து, பாப்பா. அந்த நான்கில் ஒன்று புள்ளியோடு சிக்கிவிட்டால் அடுத்த கட்டம் இலவசம். ட், ற் மட்டும் கொஞ்சம் ஊர் சுற்றும்: கட்சி, வெட்கம், கற்பனை. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிக்காது. அங்ஙனம் போன்ற ஓரிரு சொல் தவிர, ங் வந்தால் அடுத்து க என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

டிக்கெட், ரயில், லட்டு போன்றவை இந்த வேலியைத் தாண்டிக் குதிக்கும். இந்தக் கட்டுரையின் 'லைட்' உட்பட. புதிர் போடுபவர் கடன்சொல் பயன்படுத்துகிறவரா என்று முதல் ஐந்தாறு விடைகளிலேயே தெரிந்துவிடும்.

எழுத்துக்குப் பதில் எண் மட்டும் போட்டு, குறிப்பே இல்லாமல் வரும் புதிர்களுக்கும் இதுதான் மருந்து. தமிழில் 247 எழுத்துக்கும் தனி எண் கொடுத்தால் யாராலும் போட முடியாது. மெய்க்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண் என்று இரட்டையாகக் கொடுத்தால் ஆட்டம் சூடு பிடிக்கும். புள்ளி எழுத்துக்கு உயிரெண் இருக்காது. அந்த இடங்களை முதலில் வட்டமிட்டு, இறுதியில் நிற்பவை, இரட்டிப்பவை என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிளேஃபேர்

இது பெரிய ஆள். 1854-ல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் உருவாக்கினார். அதைப் பெரிய இடங்களில் எடுத்துச்சொல்லிப் பரப்பிய நண்பர் பிளேஃபேர் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது, கண்டுபிடித்தவர் பெயர் போய்விட்டது. 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகள் அருகே ஜான் கென்னடியின் ரோந்துப் படகு மூழ்கியபோது, கடலோரக் கண்காணிப்பாளர் அனுப்பிய செய்தி இந்தச் சங்கேதத்தில்தான் போனது. குறுக்கெழுத்தில் அசெட் போன்றவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் வைத்து வதைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்தை 5×5 கட்டத்தில் அடைக்க, ஐ-யையும் ஜே-யையும் ஒரே கட்டத்தில் நெருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 18 மெய்யும் 3×6 கட்டத்தில் கச்சிதமாக உட்காருகின்றன. உயிரைத் தொடாமல் மெய்யை மட்டும் மாற்றலாம்.

சாவிச்சொல் 'கவிதை' என்று வைத்துக்கொள்வோம். அதன் மெய்கள் க, வ, த முதலில். மீதி மெய்கள் வழக்கமான வரிசையில்.

க வ த ங ச ஞ
ட ண ந ப ம ய
ர ல ழ ள ற ன

சொல்லை இரண்டிரண்டு எழுத்தாக வெட்டுகிறோம். ஒரு சோடி ஒரே வரிசையில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்து எழுத்து. ஒரே நெடுக்கில் இருந்தால், கீழே உள்ள எழுத்து. விளிம்பைத் தாண்டினால் மறுமுனைக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால், ஒரு செவ்வகத்தின் இரு மூலைகள் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசையிலேயே உள்ள மற்ற மூலை.

'தகவல்' எடுப்போம். த, க ஒரே வரிசை. த-வுக்கு வலப்பக்கம் ங, க-வுக்கு வலப்பக்கம் வ. அடுத்து வ, ல் ஒரே நெடுக்கு. வ-வுக்குக் கீழே ண, ல்-லுக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே சுற்றி வ். ஆக 'ஙவணவ்'. 'நகரம்' எடுத்தால் ந, க செவ்வகம்: ட, த. ர, ம் செவ்வகம்: ற, ட். 'டதறட்'. ங-வுக்கு வாழ்வு கிடைக்கும் இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

போடுவது சுலபம். சாவி தெரியாமல் உடைப்பது எப்படி? வழக்கமாக நாலைந்து விடைகள்தான் இப்படி மாறி நுழையும், மீதி எல்லாம் சாதாரணம். அந்த மீதியை முடித்துவிட்டால், மாறிய சொற்களின் பல எழுத்துகள் கட்டத்தில் தானாகத் தெரியும். அந்தக் குறிப்புகளின் அசல் விடைகளும் ஓரத்தில் இருக்கும். இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிவைத்துச் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

எந்த எழுத்தும் தானாகவே மாறாமல் நிற்காது. நின்றால் அசல் விடை தப்பு. ஒரு சோடி எப்படி மாறுகிறதோ, அதைத் திருப்பிப் போட்டால் மாறியதும் திரும்பியே வரும். தக என்பது ஙவ ஆனால், கத என்பது வங. ஓர் எழுத்தின் மாற்று, அதன் வரிசையில் உள்ள மற்ற ஐந்தில் ஒன்று அல்லது நேர் கீழே உள்ளது. ஆறு வாய்ப்புக்கு மேல் கிடையாது.

தங்கம் போன்ற துப்பு ஒன்று உண்டு. 'வல' என்பது 'ணவ' ஆகியிருப்பதைப் பாருங்கள். வ இரண்டு பக்கமும் இருக்கிறது. இப்படி ஓர் எழுத்து அசலிலும் மாற்றிலும் தலைகாட்டினால், ல, வ, ண மூன்றும் ஒரே கோட்டில், அதே வரிசையில், அடுத்தடுத்து இருக்கின்றன என்று அர்த்தம். அது குறுக்குக் கோடா நெடுக்கா என்பது அடுத்த சோடியில் தெரியும். இப்படி இரண்டு மூன்று துண்டுகளைத் தனித்தனித் தாளில் வெட்டி வைத்துக்கொண்டு நகர்த்திப் பாருங்கள். கணினியைவிடக் கத்தரிக்கோல் இதற்கு நல்லது.

இன்னொன்று, கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். சாவிச்சொல் மேலே இருக்கிறது, மிச்ச எழுத்துகள் அகரவரிசையில் கீழே இறங்குகின்றன. ஆகவே கடைசி வரிசை பெரும்பாலும் ல, வ, ழ, ள, ற, ன-வை ஒட்டித்தான் இருக்கும். அங்கே காணாமல் போன எழுத்து சாவிச்சொல்லில் இருக்கிறது. நம் கட்டத்தில் கடைசி வரிசையில் வ இல்லை. சாவியில் வ உண்டு என்று அப்போதே தெரிந்துவிடும்.

புதிர் போடுபவருக்கும் இதில் சங்கடங்கள் உண்டு. இரட்டைப்படை எண்ணிக்கையில் எழுத்து வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் கூடாது. ஒரே மெய் ஒரே சோடிக்குள் இரண்டு முறை வரக்கூடாது, ஆகவே பாப்பா வெளியே. இதை நினைவில் வைத்தால் மாறும் விடை எதுவாக இருக்கும் என்று ஊகிக்கும்போது பல சொற்களைப் பார்க்காமலேயே தள்ளிவிடலாம்.

அகராதியும் நேரமும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. திரைக்கு அலை, திங்களுக்கு மாதம் என்று எல்லாப் பழம்பொருளும் அதில் இருக்கும். புழக்கத்தில் உள்ள சொல்லுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அகராதி பார்ப்பது தோல்வி என்று நினைக்கும் ஒரு கூட்டம் உண்டு. சாதாரணக் கிரிப்டிக்கில் அது சரியாக இருக்கலாம். சங்கேதப் புதிரில் அகராதி இல்லாமல் உட்காருவது குடை இல்லாமல் ஐப்பசியில் வெளியே போவது.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லிஸனர் வகைப் புதிருக்கு வாரம் முழுக்க எடுத்துக்கொள்வது சகஜம். காலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை என்று பார்த்தால், நடுவில் பஸ்ஸில் போகும்போது பேய் தின்ற சொல் தானே வந்து விழும். எனக்குக் 'கவலை' விழுந்தது மீன்கடை வாசலில்.

சரி, கையோடு ஒன்று போட்டுப் பாருங்கள். முன்குறிப்பு: விடை இனம் மாற்றி முறையில் கட்டத்தில் நுழையும்.

"தோலில் வரும், போருக்கும் போகும் (2)."

விடையைக் கண்டுபிடித்துச் சரியாக மாற்றினீர்களானால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் பலகை கிடைக்கும்.